பிளாஷும் சிவந்த கண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கேமராவோடு நான் நாலு பேர் கண்ணில் பட்டால் போதும், சந்தேகம் கேட்க ஆள் வந்துவிடுவார். கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை பிளாஷைப் பற்றியவை, அதிலும் கண் சிவப்பதைப் பற்றியவை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முதல் பதில் பிடிபட்டுவிட்டால் மற்றதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

நேர்ல பார்த்தா கண்ணு நல்லாத்தான் இருக்கு. போட்டோவுல மட்டும் ஏன் செக்கச்செவேல்னு வருது?

கருவிழியின் நடுவே கறுப்பு வட்டமாகத் தெரிகிறதே, அதற்குப் பாவை என்று பெயர். உண்மையில் அது ஒரு ஓட்டை. வெளியில் நின்று பார்த்தால் விளக்கில்லாத அறையின் ஜன்னல் கறுப்பாகத் தெரியுமே, அதுபோல உள்ளே இருட்டாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. பிளாஷ் வெளிச்சம் அந்த ஓட்டை வழியே உள்ளே போகிறது. விழித்திரையிலும், அதற்குப் பின்னால் ரத்த நாளங்கள் நிறைந்திருக்கும் படலத்திலும் பட்டு, சிவப்பாகத் திரும்பி வருகிறது. ஆக, படத்தில் நாம் பார்ப்பது கண்ணின் உள்சுவரைத்தான்.

சரி, அப்படியானால் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது ஏன் தெரியவில்லை? கண்ணுக்குள் போன வெளிச்சம் கிட்டத்தட்ட வந்த வழியே திரும்பும். பிளாஷை ஒட்டி இருப்பவற்றுக்கு மட்டுமே அது தெரியும், தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. கேமராவில் பிளாஷை ஒட்டி இருப்பது எது? லென்ஸ்தான். கண் மருத்துவர் கண்ணுக்குள் பார்க்கப் பயன்படுத்தும் கருவியிலும் இதே ஏற்பாடுதான், வெளிச்சத்தையும் பார்வையையும் ஒரே கோட்டில் கொண்டுவருகிறார்கள். அவருக்கு அது தேவை, நமக்கு அது தொல்லை.

கேமரா ரிப்பேரா? அந்தக் காலத்து பெரிய கேமராவுல இப்படி வந்ததே இல்லையே?

ரிப்பேர் இல்லை. அந்தப் பெரிய கேமராக்களில் பிளாஷ் ஒரு கைப்பிடியின் உச்சியில், லென்ஸைவிட்டு நன்றாகத் தள்ளி இருந்தது. கேமரா சிறுத்துக்கொண்டே வர, பிளாஷும் லென்ஸை நெருங்கிவந்தது, சிவப்பும் கூடவே வந்தது. 1965இல் சின்னக் கேமராக்களின் தலையில் செருகும் பிளாஷ் கியூப் என்ற சிறு பல்புக் கட்டி வந்தபோதே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. கியூபைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்த ஒரு குச்சி போன்ற துண்டைத் தனியாக விற்றார்கள். 1970களில் வந்த நீளப் பட்டை பிளாஷில் மேல்பாதி பல்புகள் மட்டும் எரியும். அவை தீர்ந்ததும் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிச் செருக வேண்டும். எல்லாம் பல்பை லென்ஸிலிருந்து விலக்கி வைக்கத்தான்.

கணக்காகப் பார்த்தால் விஷயம் கோணத்தில் இருக்கிறது. பிளாஷ் லென்ஸிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்து, ஆள் 1 மீட்டரில் நின்றால், அவர் கண்ணிலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் இடையே சுமார் 3 டிகிரி. அவரே 3 மீட்டர் தள்ளி நின்றால் 1 டிகிரிதான். இந்தக் கோணம் 2, 3 டிகிரியைத் தாண்டினாலே சிவப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரே படத்துல குழந்தைக்கு மட்டும் சிவப்பு, தாத்தாவுக்கு ஒண்ணுமே இல்லை. அது எப்படி?

பாவையின் அளவு. இருட்டில் இளம் வயதினரின் பாவை 7, 8 மி.மீ. வரை விரியும். வயதாக ஆக அவ்வளவு விரிவதில்லை. ஓட்டை பெரிதானால் உள்ளே போகிற வெளிச்சமும் திரும்புகிற வெளிச்சமும் அதிகம்.

கண்ணின் நிறமிக்கும் பங்கு உண்டு. நீலம், சாம்பல் போன்ற வெளிர் நிறக் கண்களில் உள்ளே நிறமி குறைவு, அதனால் வெளிச்சம் நிறையத் திரும்பி வரும். கரும்பழுப்புக் கண்கள் அதில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். அப்புறம் சாதாரணக் காரணம் ஒன்றும் இருக்கிறது. தாத்தா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு கண்ணு படம் போட்ட மோட் இருக்கே, அதை எப்பவும் ஆன்லயே வெச்சுக்கலாமா?

அந்த மோட் செய்வது இவ்வளவுதான்: படம் எடுப்பதற்கு முன் ஒரு சிறு விளக்கை எரியவிடும், அல்லது பிளாஷையே சில தடவை மின்னவிடும். அதைப் பார்த்துப் பாவை சுருங்கும், பிறகு நிஜமான பிளாஷ் அடிக்கும். பாவை சுருங்கத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி பிடிக்கும். நன்றாகச் சுருங்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி. அதனால்தான் பட்டனை அழுத்திய பிறகு அந்தத் தாமதம்.

என் கேமராவில் அதை ஆஃப் செய்துதான் வைத்திருக்கிறேன். காரணம் இரண்டு. முதலாவது, அது ஓட்டையைச் சிறிதாக்குகிறதே தவிர கோணத்தைத் தொடுவதில்லை. சிவப்பு குறையும், முழுக்கப் போகாது. இரண்டாவது, முதல் மின்னலைப் பார்த்ததும் 'எடுத்தாச்சு' என்று எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். ஒருவர் திரும்புவார், ஒருவர் கண் சிமிட்டுவார், குழந்தை கிளம்பியே போயிருக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால், "ரெண்டு தடவை மின்னும், ரெண்டாவது வரைக்கும் அப்படியே இருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளாஷ் அடிக்கிறப்பவே பாவை தானா சுருங்கிடாதா?

சுருங்கும், ஆனால் படம் முடிந்த பிறகு. பிளாஷ் மின்னுவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. கண் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போ மோட் இல்லாம என்னதான் பண்றது?

முதல் வேலை, அறையில் இருக்கிற விளக்கையெல்லாம் போடுங்கள். பாவை தானாகவே சுருங்கி நிற்கும், பிளாஷும் குறைவாக அடித்தால் போதும். விளக்கு குறைவான இடமென்றால், எடுப்பதற்கு முன் சில விநாடி அவர்களைப் பிரகாசமான ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலோ எரிகிற பல்போ எதுவானாலும் சரி. பார்த்துவிட்டுத் திரும்பியதும் அழுத்திவிடுங்கள்.

இரண்டாவது, ஜூம் செய்யாதீர்கள், நடங்கள். மேலே சொன்ன 1 டிகிரி, 3 டிகிரி கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டரில் நின்று ஜூம் போட்டு முகத்தைப் பெரிதாக்கினால் கோணம் சின்னதாகவே இருக்கும், சிவப்பு மட்டும் படத்தில் பெரிதாகத் தெரியும். இரண்டடி முன்னால் போவதற்குக் காசா பணமா? ரொம்ப ஒட்டிப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லென்ஸையே வெறிக்கச் சொல்ல வேண்டாம். உங்கள் காதையோ தோளையோ பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் பார்வை விலகியது பெரிதாகத் தெரியாது, சிவப்பு குறையும். சின்னக் குழந்தைகளிடம் இது பலிக்காது. அவர்களுக்கு விளக்கைப் போடுவதுதான் வழி.

தனி பிளாஷ் வாங்கி மேல மாட்டினா சரியாயிடுமா?

பெரும்பாலும் ஆகிவிடும். கேமரா தலையில் மாட்டும் பிளாஷின் முகப்பு லென்ஸிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால், 3 மீட்டர் தூரத்திலும் கோணம் 3 டிகிரியை நெருங்கிவிடும். ஆனால் அதை நேராக முகத்தில் அடிப்பதற்காக மட்டும் வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதன் தலை திரும்பும். அந்தத் திருப்பத்துக்குத்தான் காசு.

தலையைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கூரையில் பட்டு, கூரையே ஒரு பெரிய விளக்காக மாறி, மேலிருந்து இறங்கும். வெளிச்சம் இப்போது லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே வரவில்லை, எனவே கண் சிவக்க வழியில்லை. நிழலும் மென்மையாக விழும். இதைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது நேர் மேலே அடித்தால் கண்குழியில் நிழல் தேங்கும். அப்போது பிளாஷைக் கொஞ்சம் பின்பக்கமாகவோ பக்கச் சுவரைப் பார்த்தோ சாய்த்தால் முகத்தில் வெளிச்சம் முன்னிருந்தோ பக்கத்திலிருந்தோ விழும்.

கூரையோ சுவரோ வெள்ளையாக இருக்க வேண்டும். ஒருமுறை பச்சைச் சுவர் என்பதைக் கவனிக்காமல் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை பேரும் வாந்தி வரப்போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். கூரை மிக உயரமாக இருந்தாலும் பலிக்காது, வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள் கரைந்துவிடும்.

பிளாஷ் மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டினா போதும்னு சொல்றாங்களே?

வெளிச்சம் குறையும், தோலில் விழும் பளபளப்பு கொஞ்சம் அடங்கும். கண் சிவப்பது நிற்காது, ஏனென்றால் விளக்கு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தனி பிளாஷில் மாட்டும் பிளாஸ்டிக் மூடி வேறு கதை. அது வெளிச்சத்தை நாலு பக்கமும் சிதறடிக்கும். சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் பங்கு நல்ல பலன் தரும். திறந்த வெளியில் அதை மாட்டினால் பேட்டரிதான் வீண்.

முகம் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு, பின்னாடி ஒரே இருட்டு. நல்ல வெளிச்சமான ஹால்தான் அது.

பிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. முகத்துக்குச் சரியாக இருப்பது, பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் சுவருக்கு எட்டாது. ஆட்டோ மோடில் கேமரா பிளாஷை மட்டும் நம்பி, வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டரைச் சட்டென்று மூடிவிடும், ஹாலின் விளக்கு வெளிச்சம் படத்தில் ஏறுவதற்கு நேரமே கொடுக்காது.

இரண்டு வெளிச்சங்களையும் தனித்தனியாக நினைத்துப் பாருங்கள். பிளாஷ் ஒரு கணம்தான், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதன் அளவு மாறாது. சுற்றியுள்ள வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக, ஷட்டரை 1/30 விநாடி போல மெதுவாக்கினால் முகம் அப்படியே இருக்க, பின்னணி மட்டும் வெளிச்சமாகும். ஸ்லோ சிங்க் என்று கேமராவில் இருப்பது இதுதான். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை, 400க்கோ 800க்கோ ஏற்றினால் பின்னணி இன்னும் தெளியும், பிளாஷும் மெல்ல அடித்தால் போதும். கை நடுங்கினால் பின்னணி கலங்கும். எனக்கு அந்தக் கொஞ்சம் கலங்கல் இருட்டுக் குகையைவிட மேல்.

நாலு வரிசையா நிக்க வெச்சு எடுத்தேன். முன்னாடி இருக்கிறவங்க பளிச், பின்னாடி இருக்கிறவங்க நிழல்.

அதே வர்க்கக் கணக்குதான். முன்வரிசை 2 மீட்டர், கடைசி வரிசை 4 மீட்டர் என்றால், பின்னால் இருப்பவர்களுக்குக் கால்பங்கு வெளிச்சம். நீங்களே 2 மீட்டர் பின்னால் போனால் தூரங்கள் 4, 6 ஆகும். பின்வரிசைக்கு இப்போது கிட்டத்தட்டப் பாதி கிடைக்கும்.

ஆனால் பின்னால் போனால் கோணம் சுருங்கிக் கண் சிவக்குமே என்று கேட்டால், கேட்டவருக்கு ஒரு சபாஷ். ஆமாம், சிவக்கும். கூட்டப் படத்துக்குக் கேமராவோடு வரும் குட்டி பிளாஷ் லாயக்கில்லை. கூரையில் பவுன்ஸ் செய்யுங்கள், இல்லையென்றால் பகல் வெளிச்சத்துக்கு எல்லோரையும் கூட்டிப் போங்கள்.

என் பிளாஷ் எவ்வளவு தூரம் போகும்?

கையேட்டில் கைடு நம்பர் என்று ஒன்று இருக்கும். அதை அபர்ச்சர் எண்ணால், அதாவது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணால், வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100இல் கைடு நம்பர் 12 என்று வைத்துக்கொள்வோம். எஃப்/4இல் 3 மீட்டர், அவ்வளவுதான். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் தூரம் இரட்டித்து 6 மீட்டர் ஆகும். பெரிய அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்குக் கிடைப்பது முன்னால் இருப்பவரின் பின்மண்டை.

பட்டப்பகல்ல யாராவது பிளாஷ் போடுவாங்களா?

நான் இரவைவிடப் பகலில்தான் அதிகம் போடுகிறேன். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும், வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் முகமே கறுத்துவிடும். கொஞ்சமாகப் பிளாஷ் சேர்த்தால் அந்த நிழல் கரையும், கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டும் விழும். வெயிலில் பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கி இருப்பதால் சிவப்புக்குப் பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான கேமராக்களில் பிளாஷோடு ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வரைதான் போகும். அதைத் தாண்டி வைத்தால் படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை விழும், ஷட்டர் திரை பாதி மூடியிருக்கும்போது பிளாஷ் மின்னியதன் அடையாளம் அது. ஹை ஸ்பீட் சிங்க் உள்ள பிளாஷ் இந்த எல்லையைத் தாண்டும், பதிலுக்குச் சக்தி குறையும்.

மூக்குக் கண்ணாடி போட்டவங்களை எடுத்தா கண்ணே தெரியல, ஒரே வெள்ளை.

இது வேறு பிரதிபலிப்பு, கண்ணாடிச் சில்லில் பட்டுத் தெறிப்பது. தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியை லேசாகத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். சில் கீழ்நோக்கிச் சாய்ந்து, தெறிப்பு தரையை நோக்கிப் போய்விடும்.

மொபைல்லயும் பிளாஷ் இருக்கே, அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், கொஞ்சம் வித்தியாசத்தோடு. மொபைலில் இருப்பது எல்ஈடி விளக்கு. கேமரா பிளாஷ் போல ஒரே கணத்தில் வெடிக்காது, டார்ச் மாதிரி கொஞ்ச நேரம் எரியும். படம் பதிவதற்கு முன்பே எரியத் தொடங்குவதால் பாவை ஓரளவு சுருங்கிவிடுகிறது. ஆனால் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 1 மீட்டர் தூரத்தில் கோணம் அரை டிகிரிதான். இதை வைத்துக்கொண்டு சிவப்பு வராமல் இருப்பதே அதிசயம். பல மொபைல்கள் மென்பொருள் கொண்டு அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகின்றன.

மொபைலில் நைட் மோட் இருந்தால், ஆட்கள் அசையாமல் நிற்பார்கள் என்றால், பிளாஷையே மறந்துவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: நண்பர் ஒருவர் தன் மொபைலில் டார்ச்சைப் போட்டுப் பக்கவாட்டில் பிடிக்கட்டும். வெளிச்சம் வேறு திசையிலிருந்து வந்துவிடுகிறது, பிரச்சினை முடிந்தது.

ரிங் லைட் போட்டா சிவப்பே வராதுன்னாங்க. ரிங் பிளாஷ் வாங்கினேன், முன்னைவிட மோசமா வருது!

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த வினை. ரிங் லைட் தொடர்ந்து எரியும் விளக்கு, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பாவை சுருங்கி இருக்கும். ரிங் பிளாஷ் ஒரு கணம் மின்னுவது, அதுவும் லென்ஸைச் சுற்றியே மின்னுவது. முதல் பதிலில் சொன்ன 'ஒரே கோடு' இதைவிடக் கச்சிதமாக அமையாது. அது பூ, பூச்சி, பல் போன்றவற்றை ஒட்டிநின்று எடுக்கப் பிறந்தது. இருட்டறையில் ஆட்களை எடுக்க வேண்டாம்.

கைக்குழந்தையோட கண்ணுக்குப் பிளாஷ் கெடுதலா?

சாதாரணத் தூரத்தில் அடிக்கும் பிளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுக்காது என்பதுதான் கண் மருத்துவர்கள் சொல்வது. குழந்தை திடுக்கிட்டு அழுவது வேறு விஷயம், அதற்காகவே நான் தவிர்ப்பேன். முகத்துக்கு அருகில் கொண்டுபோய் அடிக்க வேண்டாம். விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர் இருந்தால், பலமுறை மின்னும் மோடை அணைத்துவிடுங்கள்.

எங்க பூனைக்குப் பச்சையா வருது. அதுக்கு என்ன மோட்?

மோட் கிடையாது. நாய், பூனை போன்றவற்றுக்கு விழித்திரையின் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. இரவில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தை இரண்டு தடவை பயன்படுத்திக்கொள்ள இயற்கை கொடுத்தது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சை, மஞ்சள், நீலம் என்று வரும். சிவப்பைத் தேடும் திருத்தக் கருவிகளுக்கு அது புரியாது. பவுன்ஸ் செய்யுங்கள், அல்லது பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

எடுத்தாச்சு, சிவந்தாச்சு. இப்போ எப்படிச் சரிபண்றது?

பல திருத்த மென்பொருள்களில் இதற்கென்று ஒரு கருவி உண்டு. பாவையின் மேல் அழுத்தினால் சிவப்பை எடுத்துவிட்டுக் கருமையாக்கும். மொத்தப் படத்துக்கும் தானாகச் செய்ய விடாதீர்கள். சிவப்புப் பொத்தானைக்கூட கண் என்று நினைத்துக் கறுப்பாக்கிவிடும். கையால் செய்பவர்கள் தார் பூசியதுபோல ஒரேயடியாகக் கறுப்படிக்கிறார்கள், பார்க்கப் பொம்மைக் கண் மாதிரி இருக்கும். சிவப்பின் செறிவை மட்டும் பூஜ்யமாக்கி, கொஞ்சம் இருட்டாக்குங்கள். நடுவில் இருக்கும் வெள்ளை ஒளிப்பொட்டை விட்டுவிடுங்கள், உயிரே அதில்தான் இருக்கிறது. அசல் படத்தை அழித்துவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

குழந்தைக்கு ஒரு கண்ணு சிவப்பா இருக்கு, இன்னொண்ணு வெள்ளையா இருக்கு. இதையும் அதே மாதிரி திருத்திடலாமா?

வேண்டாம். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு கண்ணும் ஒரேபோலச் சிவந்தால் உள்ளே வெளிச்சம் தடையின்றிப் போய் வருகிறது என்று பொருள். ஒன்றில் மட்டும் வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் வழியில் ஏதோ இருக்கக்கூடும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த நோயைப் பெற்றோர் முதலில் கவனித்தது ஒரு பிளாஷ் படத்தில்தான் என்று ஆன சம்பவங்கள் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல சமயம் பார்வையையும் காப்பாற்ற முடியும்.

பயப்பட வேண்டாத காரணமும் ஒன்று இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வெளிறியது. ஒரு கண் மூக்குப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி திரும்பியிருந்தால், பிளாஷ் வெளிச்சம் நேராக அந்த இடத்தில் விழுந்து வெள்ளையாகத் திரும்பும். குழந்தை ஓரமாகப் பார்த்த படங்களில் இது வரும். ஆனால் எது எது என்று படத்தைப் பார்த்து நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு படத்தில் வந்திருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். போகும்போது திருத்தாத அசல் படத்தையும், அதே கண் அப்படித் தெரியும் பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள்.